சின்னப் பள்ளியில் மன்றம், வாசிப்பு, தொழில் அறிமுகம்: மூன்றையும் ஒரே வேலையாக நடத்துவது எப்படி

மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டாத பள்ளிகளில் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம். "பெரிய பள்ளிக்கூடத்துல இருபது மன்றம் இருக்கு, நூலகர் இருக்காரு, ஆலோசகர் இருக்காரு. நம்மகிட்ட இருக்கிறது நாலு டீச்சர். இதுல எங்க போயி எல்லாத்தையும் பண்றது?" ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் மாணவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் 1964-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய பள்ளிகளில் செயல்பாடுகளின் பட்டியல் நீளம். ஆனால் ஒரு தனி மாணவர் எத்தனை வகை வேலைகளில் இறங்குகிறார், எத்தனை பொறுப்புகளைக் கையில் வைத்திருக்கிறார் என்று பார்த்தால் சின்னப் பள்ளி மாணவர்களே முன்னால் நின்றார்கள். நாடகம் போட ஆள் போதாது, ஆகவே ஓரத்தில் நிற்கும் பிள்ளையையும் கூப்பிட்டே ஆக வேண்டும். படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்குக்கூட "நான் வராவிட்டால் வேலை நடக்காது" என்ற உணர்வு சின்னப் பள்ளியில் இருந்தது. பெரிய பள்ளியில் அதே வகை மாணவர்கள் பார்வையாளர்களாக ஒதுங்கிப் போனார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ஒவ்வொரு பிள்ளையும் உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு வேலையைப் பள்ளியில் உருவாக்குங்கள். அந்த வேலை வாசிப்பும் எழுத்தும் இல்லாமல் நடக்க முடியாததாக இருக்கட்டும். வெளியுலக வேலைகளைப் பற்றிய அறிவும் அதன் வழியாகவே வரட்டும். மன்றத்துக்கு ஒரு திட்டம், வாசிப்புக்கு ஒரு திட்டம், தொழில் வழிகாட்டலுக்கு இன்னொன்று என்று மூன்று கோப்புகளைத் திறந்தால் நாலு ஆசிரியர்களால் மூன்றையும் தாங்க முடியாது.

முதல் படி: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் பள்ளி இதழ். சுவரில் ஒட்டலாம், கையெழுத்துப் பிரதியாக நாலு பக்கம் போடலாம், வசதி இருந்தால் அச்சடிக்கலாம். வானொலி போல ஒலிப்பதிவு நிகழ்ச்சி, விதை வங்கி, பள்ளி அருங்காட்சியகம் என்று வேறு எதையும் எடுக்கலாம். ஆனால் இதழில் செய்தி சேகரிப்பு, எழுத்து, பிழை திருத்தம், ஓவியம், கணக்கு, விநியோகம் எல்லாம் வந்துவிடுகின்றன. எந்தத் திறமை உள்ள பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் கிடைக்கும்.

இது புதிய யோசனை இல்லை. பிரான்சில் பார்-சுர்-லூ என்ற சிற்றூரில் பாடம் நடத்திய செலஸ்தேன் ஃப்ரெனே 1924-இல் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர் அவர். நீண்ட நேரம் நின்று பேசிப் பாடம் நடத்துவது அவருக்குச் சிரமம். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததையும் செய்ததையும் எழுதினார்கள். எழுத்துகளைக் கோத்து அச்சடித்தார்கள். தொலைவில் உள்ள இன்னொரு பள்ளிக்கு அனுப்பி, அங்கிருந்து வந்ததை வாசித்தார்கள். யாரோ ஒருவர் உண்மையாகவே படிக்கப் போகிறார் என்று தெரிந்தால் பிள்ளை தன் எழுத்துப்பிழையைத் தானே தேடித் திருத்தும். நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் சுழிப்பதற்கு அந்த வலு கிடையாது.

நீங்களும் இன்னொரு சின்னப் பள்ளியோடு இதழ் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். வெளி வாசகர் இருந்தால்தான் இரண்டாவது மாதத்தில் உற்சாகம் வடியாமல் இருக்கும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தனித்தனியே கேளுங்கள்

இதழ் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் இதற்காக ஒதுக்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். சத்தமில்லாத ஓர் ஓரம், ஒரு பெஞ்சு, நாலு தாள். முதல் தாளில் வரிசை மாற்றி எழுதிய எழுத்துகள். இரண்டாவதில் எளிய சொற்கள். மூன்றாவதில் நாலைந்து வரியுள்ள ஒரு பத்தி. நாலாவதில் ஒரு சிறு கதை. இந்தியாவில் பிள்ளைகளின் வாசிப்பு, கணக்கு நிலையை அளக்கும் அசர் அறிக்கைக்காக வீடு வீடாகப் போய் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பவர்களும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வரிசை மாற்றி எழுதுவது முக்கியம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளையும் அட்டையில் பார்த்துப் பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளை, நடுவிலிருந்து 'ணெ' என்று ஒன்றைக் காட்டினால் திணறும். ஒப்பித்ததை எழுத்தறிவு என்று எண்ணி மூன்று வருடம் ஓட்டிவிடுகிறோம்.

பிள்ளை வாசிக்கும்போது திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கொடி' என்பதைக் 'கெடி' என்று வாசித்தால், கொம்பைப் பார்த்த கண் துணைக்காலை விட்டுவிட்டது. 'பேட்டி' என்பதைப் 'பெட்டி' என்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் பிரியவில்லை. 'பள்ளம்' என்று இருப்பதைப் 'பள்ளி' என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போனால், முதல் இரண்டு எழுத்தை வைத்து ஊகிக்கிறது. 'மழை'யை 'மலை' என்றால் அவசரப்பட வேண்டாம். எழுத்து தெரிந்திருக்கலாம், உச்சரிப்பு மட்டும் வராமல் இருக்கலாம். "வானத்திலேர்ந்து வர்றது எது?" என்று கேட்டால் தெரிந்துவிடும். இந்த நாலு பிள்ளைகளுக்கும் நாலு வேறு மருந்து. "வாசிக்க வராது" என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் நாலு பேரும் வீண்.

வாசித்து முடித்ததும் அந்தக் கதையைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கிக் கிடைப்பது என்று ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். பெருக்கல் என்பதால் ஏதேனும் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கடகடவென்று வாசித்துவிட்டு ஒரு வரிகூடச் சொல்ல முடியாத பிள்ளையும், எழுத்துக்கூட்டித் தடுமாறினாலும் வாயால் கேட்ட கதையை அழகாகச் சொல்லும் பிள்ளையும் உங்கள் பள்ளியில் கட்டாயம் இருப்பார்கள். இருவரையும் ஒரே குழுவில் போடக் கூடாது.

மூன்றாம் படி: தினமும் வாசிப்பு நேரம், வகுப்பு பார்க்காமல்

நாற்பது நிமிடம் போதும். காலை முதல் பாடவேளையாக இருந்தால் நல்லது. மதியத்துக்குத் தள்ளினால் கூட்டம், விழா, ஒத்திகை என்று ஏதாவது ஒன்று அதை விழுங்கிவிடும்.

அந்த நாற்பது நிமிடத்துக்கு வகுப்புகளைக் கலைத்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே நிலையில் இருந்தால் ஒன்றாக உட்காரட்டும். வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கும் இந்த முறையை இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பரப்பியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ போன்ற பொருளியலாளர்கள் கள ஆய்வுகளில் சோதித்து, அது பலன் தருவதைக் காட்டினார்கள். பெரிய பள்ளியில் இப்படிக் கலைத்து அடுக்குவதற்கே கால் மணி நேரம் போய்விடும். உங்களுக்கு இரண்டு நிமிடம். பெரிய பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் குழுவுக்கு எண்ணோ தரமோ வைக்காதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு, குழு மாற்றுங்கள். எழுத்து, சொல் நிலையில் இருப்பவர்களோடு உங்களில் மிகத் திறமையான ஆசிரியர் உட்கார வேண்டும். சரளமாக வாசிப்பவர்கள் தாங்களே புத்தகத்தோடு இருந்துகொள்வார்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் பத்து நிமிடம் ஆசிரியர் வாசிக்க எல்லோரும் கேட்கட்டும். பிள்ளைகளால் தாங்களாக வாசிக்க முடியாத, ஒரு படி கடினமான புத்தகமாக எடுங்கள். அப்புறம் இருபது நிமிடம் குழு வேலை. கடைசிப் பத்து நிமிடம் ஜோடி வாசிப்பு: ஒரே சிறு பத்தியை மூன்று நாலு முறை, தடங்கல் குறையும் வரை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தைக் கூட்டும் என்பதை ஜே சாமுவேல்ஸ் 1979-இலேயே எழுதினார். பிள்ளைகளுக்கு அலுக்காதா என்றால், அந்தப் பத்தி அடுத்த இதழில் வரப்போகும் செய்தியாக இருந்தால் அலுக்காது. காலைக் கூட்டத்தில் அதை உரக்க வாசிக்கப் போவதே அந்தப் பிள்ளைதான் என்றால் வீட்டிலும் வாசித்துப் பார்த்துவிட்டு வரும்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-இல், 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாரானவர்கள், ஆனால் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், நல்ல வாசகர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். பிள்ளை உலகத்தைப் பற்றி அறிய அறியத்தான் வாசிப்பு வளரும். மன்ற வேலைகளை "படிப்பைக் கெடுக்கும் நேரம்" என்று நினைக்கிற சக ஆசிரியர் யாராவது இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள். மழைமானி வைத்து அளந்த பிள்ளைக்கு நீரியல் பாடம் எளிதாகப் புரியும்.

நாலாம் படி: பொறுப்புகளைப் பிரித்தல்

மாணவர் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு பொறுப்பை எழுதுங்கள். ஒரு பெயர்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இதழ் ஆசிரியர், செய்தியாளர், பிழை திருத்துபவர், ஓவியர், கணக்காளர், விநியோகம், புத்தக அலமாரிப் பொறுப்பு, வானிலைக் குறிப்பு, பழைய இதழ்களைக் காப்பவர், அடுத்த பள்ளியோடு கடிதப் போக்குவரத்து. ஒரே பொறுப்புக்கு இருவர் இருக்கலாம், மூவர் வேண்டாம். மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பார்.

இங்கே ஒரு தப்பு எளிதாக நடந்துவிடுகிறது. நன்றாக எழுதுபவருக்கு எழுத்து வேலையும், வாசிக்கத் தடுமாறுபவருக்கு நாற்காலி தூக்கும் வேலையும் போய்விடும். நாளடைவில் ஒருவர் மேலும் எழுதுவார், இன்னொருவர் மேலும் தூக்குவார். தடுமாறும் பிள்ளைக்கு எழுத்து குறைவாகவும் ஆனால் தவிர்க்க முடியாததாகவும் உள்ள பொறுப்பைக் கொடுங்கள். வானிலைக் குறிப்பு அதற்கு மிகப் பொருத்தம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் பார்த்தால் அதுதான் மழையளவு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். "நேற்று 14 மி.மீ. மழை பெய்தது. நம் பள்ளிக் கூரை மீது விழுந்த தண்ணீர் இத்தனை லிட்டர்" என்று இரண்டு வரி. தேதி, எண், நாலைந்து சொற்கள். ஒவ்வொரு நாளும் அதே சொற்கள் திரும்ப வருவதால் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். அதை வாசிக்கப் பள்ளி முழுதும் காத்திருக்கும்.

பொறுப்புகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாறும்போது பழையவர் புதியவருக்கு அரைப் பக்கத்தில் ஒப்படைப்புக் குறிப்பு எழுத வேண்டும்: என்ன முடிந்தது, என்ன பாக்கி, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எதில் கவனமாக இருக்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகள் எழுதும் எல்லாவற்றிலும் இதுதான் பெரியவர்களின் வேலைக்கு மிக நெருக்கமானது. குறிப்பு தெளிவாக இல்லாவிட்டால் புதியவர் வந்து சண்டை போடுவார். நீங்கள் மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லை.

இதழின் ஓட்டம் எளிது. முதல் வாரத் தொடக்கத்தில் இதழ் ஆசிரியர் குழுக் கூட்டம், வார இறுதிக்குள் செய்தி சேகரிப்பும் முதல் வரைவும். இரண்டாம் வாரம் திருத்தம், படியெடுத்தல், வெளியீடு. பிள்ளைகளின் வரைவை நீங்களே அழகாக மாற்றி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிழை திருத்துபவர் கண்டுபிடிக்காத பிழை இதழில் வந்தால் வரட்டும். அடுத்த இதழில் "திருத்தம்" என்று போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வேலை பார்க்கும் மனிதர்களைப் பேட்டி எடுப்பது

தொழில் வழிகாட்டல் என்றால் மேல்வகுப்பில் ஒரு நாள், மைக் பிடித்து ஒருவர் பேசுவது என்றே பழகிவிட்டோம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுமுன்பே பலவற்றைக் கழித்துவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்று ஒரு கழிப்பு. ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் "இது கௌரவமில்லாத வேலை, இது எனக்கு எட்டாது" என்று இன்னொரு கழிப்பு. டேவிட் சேம்பர்ஸ் 4,807 சிறு பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட வரையவில்லை.

ஆகவே ஒவ்வோர் இதழிலும் வேலை பார்க்கும் ஒருவரின் பேட்டி வரட்டும். தொடக்க வகுப்பிலிருந்தே பிள்ளைகள் போகட்டும். யாரைப் பேட்டி எடுப்பது என்பதை நீங்கள் கவனித்துத் திட்டமிடுங்கள்: மின்பணி செய்யும் பெண், செவிலியராக இருக்கும் ஆண், சொந்தத் தொழில் செய்பவர், கையால் உழைப்பவர், கணினியில் உழைப்பவர். பிள்ளைகளிடம் விட்டால் மருத்துவர், காவலர், ஆசிரியர் என்று மூன்றோடு நின்றுவிடும். பழைய மாணவர்களும் பெற்றோரும்தான் உங்கள் முதல் பட்டியல்.

கேள்விகளைத் தயாரிப்பதுதான் இதில் பாடம். "உங்கள் வேலை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் "பிடிக்கும்" என்று பதில் வரும். பேட்டி அத்தோடு முடிந்தது. "நீங்கள் இந்த நிலைக்கு வந்தது எப்படி?" என்றால் அறிவுரை வரும். நேற்றைய நாளைப் பற்றிக் கேட்கப் பழக்குங்கள். ஒரு செவிலியரிடம் எடுக்கும் பேட்டி இப்படிப் போகலாம்:

"அக்கா, நேத்து டூட்டிக்கு வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"முதல்லயா? ராத்திரி டூட்டி பார்த்த சிஸ்டர்கிட்ட ஒவ்வொரு பேஷண்ட் பத்தியும் கேட்டுக்கிட்டேன். யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, யாருக்குக் காய்ச்சல் குறையல, எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. அதைப் படிச்சுட்டுத்தான் வார்டுக்குள்ளயே போவேன்."

"அதுல தப்பா எழுதியிருந்தா?"

இந்த இரண்டாவது கேள்வி எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. பதிலைக் கேட்டதால் பிறந்த கேள்வி அது. தன் பள்ளியில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிப் பழகிய பிள்ளைக்குத்தான் அது தோன்றும். மருத்துவமனையிலும் அதே குறிப்புதான், அங்கே அதை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்பி வரும் பிள்ளைக்குத் தெளிவாக எழுதுவதன் அவசியத்தை நீங்கள் தனியாக விளக்க வேண்டாம்.

இன்னும் சில நல்ல கேள்விகள்: வேலையில் என்னென்ன எழுதவும் படிக்கவும் வேண்டியிருக்கிறது? கணக்கு எங்கே வருகிறது? போன வாரம் எது தப்பாகப் போனது, எப்படிச் சரி செய்தீர்கள்? புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்? இதற்கு எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? சம்பளத்தைப் பற்றி, அவர் விரும்பினால் மட்டும், பொதுவாகக் கேட்கலாம்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, விண்ணப்பப் படிவம் நிரப்புவதும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதும். பள்ளியில் வகித்த பொறுப்புகளே அந்தப் பக்கத்தை நிரப்பும். இரண்டு, முடிந்தால் ஒரு வேலையிடத்தில் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்ப்பது. பள்ளிகளின் தொழில் வழிகாட்டலுக்காக இங்கிலாந்தில் 2014-இல் வகுக்கப்பட்ட கேட்ஸ்பி அளவுகோல்கள் எட்டில் ஒன்று இது போன்ற நேரடி வேலையிட அனுபவத்துக்கானது. எந்த வகை வேலை பிடிக்கும் என்று கேள்விகள் வழியே பார்க்கும் ஆர்வத் தேர்வுகளை நடத்துவதானால் அவற்றைப் பேச்சைத் தொடங்கப் பயன்படுத்துங்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் நெற்றியில் "நீ இன்ன வகை" என்று ஒட்டிவிடாதீர்கள்.

வெளியே போகும்போது பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி, கூடவே இரண்டு பெரியவர்கள், போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருவது. இந்த மூன்றில் எதையும் விடக் கூடாது. பிள்ளைகளின் முழுப்பெயரும் படமும் இணையத்தில் போக வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டாரை உள்ளே கொண்டுவருதல்

இதழ் வெளிவரும் நாளில் ஒரு மணி நேரம் பெற்றோரை அழையுங்கள். பிள்ளைகளே வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோர் இருக்கலாம், அதனால் அவர்கள் கையில் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் எந்த ஏற்பாடும் வேண்டாம். அவர்கள் வேலையைப் பற்றிப் பேட்டி எடுங்கள், அதை அவர்கள் முன்னால் வாசியுங்கள். தன் உழைப்பைப் பற்றித் தன் பிள்ளை எழுதியதைச் சபையில் கேட்ட அம்மாவோ அப்பாவோ அடுத்த நாளிலிருந்து "இன்னைக்கு என்ன எழுதின?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

ஏழாம் படி: பதிவேடு

மூன்றே மூன்று விவரங்கள் போதும். ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வகித்த பொறுப்புகள். எடுத்த பேட்டிகள். ஒரே தாளில் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் கண்ணுக்குத் தெரியும்: இரண்டு முறை மறுபடி கேட்டும் நிலை மாறாத பிள்ளை யார், ஒரு பேட்டிக்குக்கூடப் போகாத பிள்ளை யார். அந்தப் பெயர்களை வைத்துத்தான் அடுத்த ஆறு வாரத்துக்குத் திட்டம் போட வேண்டும். வாசிப்பு நிலை மாறாத பிள்ளைக்குப் பார்வை, கேட்கும் திறன் பரிசோதனை செய்ய வீட்டாரிடம் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமலே வருடங்களைக் கடத்தும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

எதையாவது கைவிட வேண்டிய நெருக்கடி வந்தால் இதழின் பக்கங்களைக் குறையுங்கள், அழகைக் குறையுங்கள். காலை வாசிப்பு நேரத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக, ஆசிரியர் மாறுதல். நாலு பேரில் ஒருவர் மாறினாலே பாதி வேலை நின்றுவிடும் அபாயம் சின்னப் பள்ளிக்கு உண்டு. பிள்ளைகள் எழுதும் ஒப்படைப்புக் குறிப்பை ஆசிரியர்களும் எழுதி வையுங்கள். ஒரு கோப்பில் பொறுப்புப் பட்டியல், வாசிப்புத் தாள்கள் நாலின் வெற்றுப் பிரதி, பேட்டிக்கு வர ஒப்புக்கொண்டவர்களின் பெயர்கள், அனுமதிக் கடித மாதிரி, இதழ் மாற்றிக்கொள்ளும் பள்ளியின் முகவரி. கோப்பைத் தலைமை ஆசிரியர் அறையில் பூட்டி வைக்காமல் புத்தக அலமாரிப் பொறுப்பில் இருக்கும் மாணவரிடமே கொடுத்து வையுங்கள். பிள்ளைகளின் வாசிப்பு நிலைப் பதிவேடு மட்டும் ஆசிரியர்களிடம் இருக்கட்டும்.